கேட் பக்கத்து கேபினை இடிக்கப் போகிறார்களாம். ஏழாம் நம்பர் லீவர் எதற்கு?

#1 புளியமரத்தடி

விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையில் எங்கள் ஊர். பெயரை எழுதவில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். போன வாரம் போயிருந்தபோது ரயில்வே கேட் ஓரம் நிற்கும் பழைய கேபின் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி. டீக்கடை அண்ணனைக் கேட்டேன். "சப்வேக்கு இடம் வேணுமாம், இடிச்சிருவாங்க" என்றார்.

பார்க்காதவர்களுக்காக: சிக்னலையும் கேட் பூட்டையும் இயக்கிய இரண்டு அடுக்குக் கட்டடம். மேலே மூன்று பக்கமும் ஜன்னல், மங்களூர் ஓடு, வெளியிலிருந்து ஏறும் இரும்புப் படி. கீழே வெளிச்சமே போகாத ஓர் அறை. மீட்டர்கேஜை எடுத்துவிட்டு 2010-ல் அகலப்பாதையில் வண்டி விட்டார்கள் இல்லையா, அதோடு கேபினுக்கு வேலை போய்விட்டது. அன்றிலிருந்து புறாக்களுக்கு வீடு.

ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, அங்கே வேலை செய்யும் ஒருவர் துணைக்கு வர, முதல் தடவையாக மேலே ஏறிப் பார்த்தேன். சிக்னலை இழுக்கும் ஆளுயர இரும்புக் கம்பிகள், 14 லீவர்கள், வரிசையாக அப்படியே நிற்கின்றன. சிவப்பு, கறுப்பு, நீலம், ஒன்பதாவது மட்டும் காப்பிக் கலர். மூன்று வெள்ளை: 7, 13, 14. கூட வந்தவர் "வெள்ளை என்றால் சும்மா, வேலை இல்லாதது" என்றார். 13, 14 கைப்பிடிகள் கரகரவென்று துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆனால் ஏழின் கைப்பிடி மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. சும்மா இருந்த லீவர் எப்படித் தேயும்?

இடிப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேரமில்லை

கேபினை இடிக்கட்டும், கேட்டையும் சேர்த்து இடிக்கட்டும். எங்கள் ஊர் கேட்டில் தினமும் காலையில் 20 நிமிடம் நிற்கிறேன். வண்டி கண்ணுக்கெட்டும் தூரத்தில்கூட இருக்காது, கேட் போட்டுவிடுவார்கள். இதில் பழைய கேபினுக்கு உருகுவதற்கு என்ன இருக்கிறது?

#3 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

எம்.எஸ்.எம். என்றால் மெக்கானிக்கல் சிக்னல் மெயின்டெய்னர். 34 வருடம் அதே வேலை. கையில் ஸ்பானரும் கிரீஸ் டப்பாவுமாக லைனில் நடந்தே பாதி ஆயுள் போனது.

முதலில் புளியமரத்தடி தம்பிக்கு. லீவர் ஃபிரேம், அதாவது லீவர்கள் நிற்கும் இரும்புச் சட்டம், இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். அகலப்பாதை மாற்றல் வேலை முடிந்ததும் பழைய இரும்பு ஏலத்தில் போயிருக்க வேண்டியது அது. யாரோ கணக்கில் விட்டிருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று.

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிவப்பு, வண்டியை நிறுத்தும் சிக்னல். கறுப்பு, பாயின்ட் மாற்றுவது, அதாவது வண்டியை வேறு லைனுக்குத் திருப்பும் தண்டவாளத்தை நகர்த்துவது. நீலம், மாற்றிய பாயின்ட் நகராமல் பூட்டுவது. காப்பிக் கலர், கேட் பூட்டு. வெள்ளை, உபரி. கூட வந்தவர் சொன்னது சரிதான். ஆனால் உபரி லீவர் தேயாது. தேய்ந்திருந்தால் ஒரு காலத்தில் அதற்கு வேலை இருந்திருக்கிறது. அடுத்த முறை போனால் நகத்தால் வெள்ளைப் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். அடியில் என்ன நிறம் என்று எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

நேரமில்லை சாருக்கு: வண்டி தெரியாதபோதே ஏன் கேட் போடுகிறார்கள் என்று 34 வருடமும் திட்டு வாங்கியிருக்கிறேன், இன்னொரு தடவை பதில் சொல்வதில் கஷ்டமில்லை. வண்டி வருவதைப் பார்த்துவிட்டுக் கேட் போடுவதில்லை. கேட் போட்ட பிறகுதான் வண்டியை வரவே சொல்கிறோம். கேட் மூடி, பூட்டினால் ஒழிய, வண்டியை ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னலின் லீவர் அசையாது. ஹோம் சிக்னல் விழுந்திருப்பது, அதாவது வரலாம் என்று காட்டுவது, அதற்கு முந்தைய சிக்னலிலேயே டிரைவருக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் அவர் பிரேக் போட ஆரம்பித்துவிடுவார். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி சட்டென்று நிற்காது, நிற்க ஒரு கிலோமீட்டர் போலப் பிடிக்கும். ஆக, உங்கள் கண்ணுக்கு வண்டி தெரிவதற்கு வெகு முன்னாலேயே கேட் மூடியிருந்தாக வேண்டும். ஸ்டேஷனை ஒட்டிய கேட்டில் இரண்டு வண்டி கிராசிங் என்றால் ஒன்று போய் இன்னொன்று வரும்வரை திறக்க முடியாது. உங்கள் 20 நிமிடம் அப்படித்தான் வந்திருக்கும்.

#4 நேரமில்லை

அப்படியென்றால் கேட் கீப்பர் வேண்டுமென்றே தாமதிப்பதில்லை என்கிறீர்கள்.

#5 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

எப்போதாவது ஒருவர் தாமதிப்பார், மனிதர்தானே. ஆனால் சிக்னல் கொடுத்த பிறகு அவரே நினைத்தாலும் திறக்க முடியாது. அதுதான் விஷயம்.

#6 வெள்ளரிப்பிஞ்சு

20 நிமிடம் நின்றால் கோபம் வரும், சரி. என் அம்மா அந்த 20 நிமிடத்தில்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

எங்கள் ஊரில் கேட் போட்டதும் பஸ் நிற்கும். வெள்ளரிப்பிஞ்சை நான்காகக் கீறி, மிளகாய்த்தூள் உப்பு தடவி, கூடையைத் தலைக்கு மேலே தூக்கி ஜன்னல் ஜன்னலாகக் கொடுப்பார். கொய்யா, வேகவைத்த கடலை, சீசனில் நுங்கு. கேபின்காரர் ஜன்னலில் தலையை நீட்டி "இன்னைக்கு கிராசிங் இருக்கு, சீக்கிரம் கீறு" என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டு டைம்டேபிள் அதுதான். எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட் என்பது ஸ்டேஷனுக்கு அடுத்தபடியாக அம்மாவுக்குத்தான் தெரியும்.

மேம்பாலம் வந்தது. பஸ் தலைக்கு மேலே போக ஆரம்பித்தது. ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் "ரயில்வே கேட்" என்றுதான் பெயர். கண்டக்டர் கூவும்போது கேட்டைக் காணோமே என்று வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள்.

#7 ரிலே ரூம்

நான் சிக்னல் ஒயரிங் வேலையில் இருக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம், ஆனால் இந்த இழை பழசைக் கொண்டாடும் இழையாகப் போகிறது. லீவர் ஃபிரேம் என்பது ஒரு மனிதன் முதுகு ஒடிய இழுத்த இரும்பு. சிக்னல், பாயின்ட், கேட் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பூட்டி வைப்பதுதான் இன்டர்லாக்கிங். இன்று எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கில் மவுஸைத் தட்டினால் ரூட் செட் ஆகிறது. பாயின்ட் சரியாகப் போய் உட்கார்ந்ததா என்று மோட்டாரே சொல்கிறது. வண்டி எந்தத் துண்டில் நிற்கிறது என்று டிராக் சர்க்யூட் சொல்கிறது. பழைய ஃபிரேமுக்கு அதெல்லாம் தானாகத் தெரியாது. வண்டி நிற்கும் லைனிலேயே இன்னொரு வண்டியை உள்ளே விட்ட விபத்துகள் அந்தக் காலத்தில்தான் நடந்தன. போட்டோ எடுத்து வையுங்கள், இடிக்க விடுங்கள்.

#8 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

ரிலே ரூம் தம்பி, முதுகு ஒடிந்தது உண்மை. என்னுடையது ஒடிந்துதான் இருக்கிறது. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். வெயில் காலத்தில் மத்தியானம் ஆனால் கம்பி நீண்டு தொய்ந்துவிடும். லீவரை முழுக்க இழுத்தாலும் அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கைகாட்டி பாதிதான் இறங்கும். பாதி இறங்கிய கை டிரைவருக்கு ஆபத்துக் கைதான், அவர் நின்றுவிடுவார். கேபின்மேன் அட்ஜஸ்டரைச் சுற்றிக் கம்பியை இறுக்குவார். சாயங்காலம் குளிர்ந்ததும் அதையே தளர்த்தணும். மறந்தால் கை முழுக்க மேலே போகாது. மாடு கம்பியை மிதித்தால் கைகாட்டி தலையாட்டும். பையன்கள் வேண்டுமென்றே மிதிப்பார்கள்.

லாம்ப்மேன் பொழுது சாயும் முன் ஏணியில் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு வருவார். ஒரு வேடிக்கை சொல்கிறேன். கைகாட்டியில் பச்சைக் கண்ணாடி என்று எல்லோரும் நினைப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் நீலச் சாயல். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள், அதை நீலத்தின் வழியே பார்த்தால்தான் தூரத்துக்குப் பச்சை.

நான் சொல்ல வருவது வேறு. லீவரைப் பார்க்காதீர்கள், அதற்கு அடியில் இருக்கும் பூட்டைப் பாருங்கள். கேபினின் கீழ் அறையில் நின்று டார்ச் அடித்தால் தெரியும். ஒவ்வொரு லீவரோடும் ஒரு பட்டை இரும்பு மேலும் கீழும் போகும். அந்தப் பட்டையில் வெட்டு வெட்டாக இருக்கும். குறுக்கே சின்னச் சின்னப் பித்தளை, இரும்புத் துண்டுகள். ஒரு லீவரை இழுத்தால் அதன் பட்டை நகர்ந்து, துண்டைப் பக்கவாட்டில் தள்ளி, அடுத்த லீவரின் வெட்டுக்குள் சொருகும். அவ்வளவுதான், அந்த லீவரை இனி யானை கட்டி இழுத்தாலும் வராது.

உங்கள் ஊர் ஃபிரேமில் 9 கேட் பூட்டு என்றால், 9-ஐ இழுக்கக் கேட் மூடியிருக்கணும். 9-ஐ இழுத்தால்தான் ஹோம் சிக்னல் லீவர் விடுபடும். ஹோமை இழுத்துவிட்டால் 9 திரும்பாது. கேபின்மேன் குடித்திருந்தாலும், தூங்கி விழித்தாலும், எம்.எல்.ஏ. கார் வந்து ஹாரன் அடித்தாலும் திரும்பாது. இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் காப்புரிமை வாங்கியது 1856. அதே வருடம் ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் வண்டி கிளம்பியது. இன்று உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தர்க்கமும் அதே வெட்டும் துண்டும்தான். பித்தளைக்குப் பதில் மென்பொருள்.

#9 கேட் சாவி

> ஹோமை இழுத்துவிட்டால் 9 திரும்பாது

இதை நேரில் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில், கரும்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று கேட்டுக்கு நடுவில் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. கேட்டை இறக்க வழியில்லை. இறக்காததால் கேட் பூட்டு வரவில்லை, பூட்டு வராததால் சிக்னல் விழவில்லை. வண்டி வெளியே நின்று ஊ... ஊ... என்று கத்திக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம். வண்டியில் வந்தவர்கள் இறங்கி நடந்து வந்து கேபினைப் பார்த்துத் திட்டினார்கள். கேபின்மேன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை, பீடி பற்ற வைத்துக்கொண்டு லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது.

#10 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

அதேதான். இதுவே இன்டர்லாக்கிங் இல்லாத கேட் என்றால் கதை வேறு. அங்கே சிக்னலுக்கும் கேட்டுக்கும் சம்பந்தமில்லை, போன் மட்டும்தான். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டி வருகிறது என்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு "மூடியாச்சு" என்று சொல்லி ஒரு பிரைவேட் நம்பர் கொடுப்பார். அச்சடித்த தாளில் வரிசையில்லாமல் இரண்டிலக்க எண்கள் இருக்கும். ஒன்றைச் சொல்லிவிட்டு அடித்துவிட வேண்டும். "நாலு ஏழு." "நாலு ஏழு, சரி." மூடினேன் என்பதற்கு அந்த எண்தான் அத்தாட்சி. ஆனால் மூடாமலே எண்ணைச் சொன்னால் போன் என்ன செய்யும்?

லாரி சிக்கினால் அங்கே கேட் கீப்பர் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். தண்டவாளத்தில் பட்டாசு வைக்க வேண்டும். டெட்டனேட்டரைத்தான் நாங்கள் பட்டாசு என்போம், சக்கரம் ஏறினால் வெடிக்கும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. மீட்டர்கேஜில் 400, 800. ஒற்றை ஆள், ஜல்லியில், ஓட்டமாக. பட்டாசு வைக்கும் முன் வண்டி வந்துவிட்டால்? அதை நினைத்தாலே எனக்கு இப்போதும் வயிறு கலங்கும்.

#11 புளியமரத்தடி

எங்கள் பாதையில்தான் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8, காலையில் பள்ளி வேன். மூன்று பிள்ளைகள். அதுவும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட். ஊரில் அதைப் பற்றி இன்னும் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நான் ஊர்ப் பெயர் எழுதாததற்கு அதுவும் ஒரு காரணம், இங்கே யாராவது விவாதமாக்கிவிடுவார்கள்.

#12 வெள்ளரிப்பிஞ்சு

எழுத வேண்டாம். யாரும் கேட்கவும் வேண்டாம்.

#13 ரிலே ரூம்

எம்.எஸ்.எம். சார், நான் எழுதியதில் ஒரு திருத்தம். பூட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. "எலக்ட்ரானிக் என்றால் தப்பே நடக்காது" என்று தொனித்திருந்தால் அதையும் திரும்பப் பெறுகிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் யாராலும் மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. 2023 ஜூன் 2, ஒடிசாவின் பஹானகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்கு சிக்னல் பெற்று, பக்கத்தில் பிரியும் லூப் லைனில் நின்ற சரக்கு வண்டிமேல் மோதியது. 290 பேருக்கு மேல் போனார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அறிக்கை எங்கே கை வைத்தது தெரியுமா? லெவல் கிராசிங் ஓரத்தில் இருந்த ஒரு சிக்னல் குடிசையில். வடக்கு கும்ட்டி என்பார்கள். அங்கே முன்பு எப்போதோ சர்க்யூட்டை மாற்றியதில் நடந்த தவறு, அன்றைக்கு 94-ஆம் நம்பர் கேட்டின் மின்சாரத் தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த தவறு, இரண்டும் சேர்ந்ததுதான் காரணம் என்று எழுதியது. பாயின்ட் லூப்புக்குத் திரும்பியிருக்க, மெயின் லைனுக்கு நேராக இருப்பதாக சிக்னல் நம்பிவிட்டது.

இன்டர்லாக்கிங் தோற்கவில்லை. அதற்குப் போன தகவல் தவறு. இதே வேலையைச் செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஒயர் மாற்றியவன் சோதித்துப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனால் பித்தளையும் காப்பாற்றாது, சிப்பும் காப்பாற்றாது.

#14 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

பித்தளையில் ஒரு சௌகரியம் உண்டு. துண்டை யாராவது கழற்றி எடுத்திருந்தால் டார்ச் அடித்துப் பார்த்தாலே பல்லு போன வாய் மாதிரி தெரியும். மற்றபடி நீங்கள் சொன்னதற்கு எதிராக ஒரு சொல் இல்லை. உங்களைப் போல யோசிப்பவர்கள் அந்தக் கதவைச் சாத்தினால் போதும்.

#15 மூணாம் பிளாட்பாரம்

சிங்கப்பூரிலிருந்து. அப்பா மலாயா ரயில்வேயில் இருந்தவர், ரயில்வேயில் நம் ஆட்கள் நிறைய அப்போது. இங்கே புக்கித் தீமா ஸ்டேஷன் என்று ஒன்று. ஒற்றைப் பாதை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான சாவி டோக்கனை வளையத்தில் கட்டி நீட்டுவார், டிரைவர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். 2011 ஜூன் 30 இரவோடு சிங்கப்பூருக்குள் அந்தப் பாதையே நின்றது. கேட்டுகளில் கடைசி நாள் அத்தனை கூட்டம். தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள், ஆனால் ஸ்டேஷனை இடிக்கவில்லை. சீர்செய்து 2022-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், லீவர்கள் நின்ற சிக்னல் அறையோடு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருபவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "இழுக்கலாமா?" என்பதுதான்.

#16 ஹட்டன் பிள்ளை

எங்கட இலங்கை மலைநாட்டுப் பாதையில் அது இன்னும் பழங்கதையாகவில்லை. இங்கே டேப்லட் என்போம், வட்டத் தட்டு. கைகாட்டிக் கம்பங்களும் நிற்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் படம் எடுக்கிறார்கள். நான் வளையம் கைமாறுகிற அந்த ஒரு நொடியைத்தான் பார்ப்பேன்.

#17 கேட் சாவி

தமிழ்நாட்டில் மீட்டர்கேஜில் பந்து! நீல்ஸ் பால் டோக்கன். இரும்புப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டிக் கொடுப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் சிவப்புப் பெட்டியிலிருந்து அது "டொக்" என்று விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது விழுந்தால் பக்கத்து ஸ்டேஷன் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்றை எடுக்க முடியாது.

#18 டைன் நதிக்கரை

வடக்கு இங்கிலாந்தில் இருக்கிறேன், வேலைக்கு வந்த இடம். இங்கே 2013-ல் ஒரே மூச்சில் 26 பழைய சிக்னல் பாக்ஸ்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். கேட் ஓரத்துக் கேபின்களில் கப்பல் சக்கரம் மாதிரி ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் நான்கு கேட்டும் சேர்ந்தாற்போலத் திரும்பும். சாலைக்குத் திறந்தால் தண்டவாளத்துக்குக் குறுக்கே மூடும், தண்டவாளத்துக்குத் திறந்தால் சாலைக்கு மூடும். நம் ஊரில் வின்ச் சுற்றினால் தடுப்பு மேலே ஏறும், இறங்கும். இரண்டு பழக்கம்.

ஆனால் ஒன்று, பட்டியலில் சேர்த்த எல்லாமும் அழகாக இல்லை. சிலவற்றில் லீவரை எடுத்துவிட்டு வெறும் சுவரை வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் காலியறை. எனக்கு அது பல்லைப் பிடுங்கிவிட்டுப் புலியைக் காப்பாற்றியது போல இருக்கிறது.

#19 நேரமில்லை

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். இன்று காலை கேட்டில் நின்றபோது முதல் தடவையாக சிக்னலைப் பார்த்தேன். கேட் விழுந்து சுமார் ஒரு நிமிடத்தில் தூரத்தில் பச்சை வந்தது. நாலு நிமிடத்தில் வண்டி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் ஒருவர் பைக்கைச் சாய்த்துத் தடுப்புக்கு அடியில் நுழைந்து போனாரே, அவருக்கு எந்தப் பூட்டு?

#20 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

அவருக்கு ரயில்வே சட்டம் இருக்கிறது. ஆனால் எந்த லீவரும் கிடையாது.

#21 புளியமரத்தடி

நேற்று மறுபடி போனேன்.

ஏழாம் லீவரின் கழுத்தில் வெள்ளைப் பெயின்ட் ஏற்கனவே உரிந்துகொண்டிருந்தது. ஒரு காசால் சுரண்டினேன். கீழே கறுப்பு இல்லை, சிவப்பு இல்லை. காப்பிக் கலர்! 9 இருக்கும் அதே காப்பிக் கலர். சார், அப்படியானால் 7-ம் கேட் பூட்டா? ஆனால் கேட் ஒன்றுதானே இருக்கிறது?

#22 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் ஸ்டேஷனில் ஒரு காலத்தில் இரண்டு கேட் இருந்திருக்கிறது. ஒன்றை மூடிவிட்டார்கள், லீவரை உபரியாக்கி வெள்ளை அடித்துவிட்டார்கள். கேட் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமா? இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, கீழ் அறை. ஏழாம் பட்டைக்கு எதிரே துண்டுகள் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா. எடுத்திருந்தால் ஓட்டை மட்டும் இருக்கும். எந்த லீவர் பக்கம் ஓட்டை இருக்கிறதோ அந்த சிக்னலை ஏழு காவல் காத்தது. அந்த சிக்னல் எந்தத் திசை வண்டிக்கு என்று பார்த்தால் கேட் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இரண்டு, கேபினுக்கு வெளியே தரையில். கேட் பூட்டுக்கு ராடு போகும். ராடு உருள்வதற்குச் சின்ன உருளைகளைக் கல்லில் பதித்திருப்போம். ராடை எடுத்திருப்பார்கள், கல்லைத் தோண்டச் சோம்பல்பட்டு விட்டிருப்பார்கள். நானே எத்தனையோ விட்டிருக்கிறேன். அந்தக் கல் வரிசையைப் பிடித்து நடங்கள். தண்டவாளத்தில் கால் வைக்காமல், ஓரமாக, ஸ்டேஷனில் சொல்லிவிட்டு.

#23 வெள்ளரிப்பிஞ்சு

எனக்கு இங்கே உட்கார்ந்தே இருப்புக் கொள்ளவில்லை. சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

#24 புளியமரத்தடி

எழுத நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கீழ் அறையில் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஏழாம் பட்டையின் வெட்டுகள் அப்படியே இருக்கின்றன, எதிரே துண்டு இல்லை. இரண்டு ஓட்டை மட்டும். ஒன்று இரண்டாம் லீவருக்கு நேர். அந்த இரண்டாம் லீவர் வடக்கிலிருந்து வரும் வண்டிக்கான ஹோம் சிக்னல் என்று கூட வந்தவர் சொன்னார்.

வெளியே வடக்குப் பக்கமாகப் பார்த்தேன். எருக்கஞ்செடிக்குள் முதல் கல். துருப்பிடித்த உருளை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, கையால் தள்ளினால் சுற்றவில்லை. பிறகு ஆறேழு அடிக்கு ஒரு கல். ஒன்பது கல் எண்ணினேன். அப்புறம் மண் மேடு. மேட்டைத் தாண்டி, நான் இந்தப் பெயர் வைத்துக்கொள்ளக் காரணமான புளியமரத்துக்குப் பின்னால், இரண்டு பழைய தண்டவாளத் துண்டுகள் தூணாக நட்டபடி நிற்கின்றன. சின்ன வயதில் அதில் ஏறி விளையாடியிருக்கிறேன். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாவிடம் வந்து சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "அது சுடுகாட்டுப் பாதை. ஒங்க தாத்தாவ அந்த வழியாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. கேட்டப் போட்டுட்டான், வண்டி வருதுன்னுட்டான். பாடைய எறக்கி வச்சிட்டு எல்லாரும் நின்னோம். போட் மெயில் போற வரைக்கும்."

அப்புறம் பாதையைத் தெற்கே மாற்றிவிட்டார்களாம். எந்த வருடம் என்று அவருக்கு நினைவில்லை.

#25 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

தம்பி, அந்தப் பட்டைகளை அளவோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெட்டும் எத்தனையாவது அங்குலத்தில் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து. முடிந்தால் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். கட்டடம் போனாலும் அதை வைத்து யாராவது திருப்பிச் செய்ய முடியும். திருச்சியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, போத்தனூரில் சிக்னல் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் பாருங்கள். "கட்டடத்தை விடுங்கள், ஃபிரேமையும் அடியில் இருப்பதையும் பிரிக்காமல் கொடுங்கள்" என்று எழுதுங்கள். லீவரை மட்டும் அறுத்து எடுத்துவிட்டால் அது வெறும் கடப்பாரை.

#26 ரிலே ரூம்

மனு வாசகத்துக்கு நான் உதவுகிறேன், தனிச்செய்தி அனுப்புங்கள். ஃபிரேமைப் பிரிக்காமல் இறக்க என்ன கிரேன் வேண்டும் என்றும் பார்த்துச் சொல்கிறேன். இடிக்க விடுங்கள் என்று எழுதியவன் நான்தான், தெரியும். சிரிக்க வேண்டாம்.

#27 புளியமரத்தடி

பென்சில் தேய்ப்பு எடுத்தாயிற்று, 14 தாள். ஏழாம் தாளில் மட்டும் கறை, புறா வேலை. மனு திங்கட்கிழமை போகிறது.

சார், ஒரு சின்னக் கேள்வி. ஏழாம் லீவரின் கைப்பிடிக்குக் கீழே, சுண்டு விரல் படும் இடத்தில் ஒரு பழைய துணி கம்பியால் சுற்றியிருக்கிறது. அதை எடுத்துவிடவா?

#28 ஓய்வுபெற்ற எம்.எஸ்.எம்.

எடுக்காதீர்கள். இழுக்கும்போது கைப்பிடியில் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும், அதனால் எப்போதும் துணி வைத்துத்தான் பிடிப்போம். யாரோ ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாமென்று கட்டி வைத்திருக்கிறார்.